எதிர்வீட்டுக் காற்று

காலை பதினொன்று பத்துக்கு நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். பின்னறையின் வென்டிலேட்டர் இரண்டிலும் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அடைத்தாகிவிட்டது. வேலை சுத்தமாக முடிந்த திருப்தியில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக மனத்தில் நிற்கிறது. என் மகளின் உயிர் போகப் பார்த்தது அந்த நிமிடத்திலிருந்துதான்.

நாலு வருடத்துக்கு முன்பு, தொண்ணூற்றொன்றில் நடந்தது இது. சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். முள்ளுச்செடி மண்டிய அந்த மனைகளுக்கு நடுவே எங்கள் தெரு. வங்கிக் கடன் வாங்கி நாங்கள் கட்டிய வீட்டில் மொட்டை மாடிக்கு வெயில் தாங்கும் தட்டோடு பதிக்கக் கைப்பணம் எட்டவில்லை. வெறும் காங்கிரீட். மேற்குப் பார்த்த பின்னறை. மாலையில் அந்த அறைச் சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல இருக்கும். கணவருக்குத் தென்மாவட்டத்தில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். நான் தினமும் தாம்பரம் போய், மின்சார ரயில் பிடித்து, நுங்கம்பாக்கத்தில் அரசு அலுவலகத்துக்குப் போய்வருவேன். வீட்டில் நானும், ப்ளஸ் டூ எழுதி முடித்த மகளும் மட்டும்தான்.

வீட்டில் என்று சொல்கிறேனே தவிர, அவள் எங்கே வீட்டில் இருந்தாள்?

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த வீடு இன்னொரு ரகம். அந்தக் குடும்பம் ஊரின் பழைய குடும்பம். முன்பு பயிர் செய்தவர்கள், பிறகு மனை பிரித்து விற்றவர்கள். எங்கள் மனையும் அவர்களுடைய நிலம்தான். வீட்டுக்காரர் சிமெண்ட் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை பார்த்தார்கள். பகல் முழுவதும் அந்த வீட்டில் அந்த அம்மா ஒருத்தர்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர். வீட்டுக்கு மேற்கே பெரிய புங்கமரம், மாடியில் தட்டோடு, ஹாலில் ஒன்றுக்கொன்று நேராகத் திறக்கும் ஜன்னல்கள். கோடையில் கரண்ட் போனாலும் அந்த ஹாலில் காற்று இருக்கும்.

மகள் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில், "ரொம்பப் புழுக்கமா இருக்கும்மா, மத்தியானம் மட்டும் ஆன்ட்டி வீட்ல படிக்கிறேன்" என்றாள். நானும் சரி என்றேன். பிறகு மத்தியானம் காலையானது. நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போதே புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போவாள். மாலை நான் களைத்துப்போய் வந்து கதவைத் திறந்தால் வீடு காலியாக இருக்கும். எதிர்வீட்டிலிருந்து அவளுடைய சிரிப்புச் சத்தம் வரும்.

என் வீட்டில் பாகற்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவள், "ஆன்ட்டி பாகற்காய் வறுவல் எவ்ளோ நல்லா பண்றாங்க தெரியுமா" என்பாள். நான் பின்னினால் தலை இழுக்கிறது என்று சிணுங்குகிறவள், அங்கிருந்து நாலு கால் பின்னலோடும் கனகாம்பரத்தோடும் வருவாள். அவளுக்குப் பாடத்தில் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்க அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பி.எஸ்ஸி. படித்தவள். ஆனால் அந்த அம்மாவின் வீட்டில் காற்று இருந்தது, என் வீட்டில் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் நகை வாங்கினால், ஸ்கூட்டர் வாங்கினால் பொறாமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு புங்கமரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இரவில் காற்றடித்து அதன் இலைகள் சலசலத்தால் எனக்குக் கோபம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர் எங்கள் பகுதிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். புறநகர் வீடுகளில் வெயில் எந்த வழியாக ஏறுகிறது, கரண்ட் எதில் வீணாகிறது என்று வீடுவீடாகப் பார்த்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எதிர்வீட்டையும் பார்த்தார். அன்று மாலை நான் கேட்டைத் திறக்கும்போதே அந்த அம்மா தன் வீட்டு வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, ஒருத்தரு வந்து வூடு பூரா பாத்துட்டுப் போனாரு. மீட்டரை உத்து உத்துப் பாக்குறாரு. அப்புறம் ஊதுபத்தியக் கொளுத்திக்கினு ஒவ்வொரு ஜன்னலா சுத்துறாரு. பூஜை பண்ண வந்தாரா, வூடு பாக்க வந்தாரான்னே புரியல. கடைசியில இன்னா சொன்னாரு தெரியுமா? இந்தத் தெருவுலயே கரண்டு கம்மியா தின்ற வூடு இதான்னாரு."

அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் என் மகள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அவரு அந்த வீட்டுக்கு வந்தார்னா தெர்மாமீட்டர் வெடிச்சிடும்" என்றாள்.

அந்த வீடு என்று அவள் கை காட்டியது எங்கள் வீட்டை.

அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். அந்த ஆசிரியரை என் வீட்டுக்கும் அழைக்க வேண்டும். என்ன கோளாறு என்று அவர் சொல்லட்டும், நான் சரிசெய்கிறேன். வீடு குளிர்ந்துவிட்டால் மகள் எதற்காகத் தெருவைத் தாண்டப் போகிறாள்? அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார். நான் லீவு போட்டேன்.

அன்று அவளையும் வீட்டிலேயே இருக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. என் வீட்டைப் பற்றி அந்த மனிதர் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அவள் காதிலும் அது விழ வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை, பெண்பிள்ளை, தலைக்கு எண்ணெய். யார் மறுக்க முடியும்? எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் வெயிலில் போகக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே.

"இன்னிக்கு எதுக்கும்மா எண்ணெய்? என்ட்ரன்ஸ் நெருங்கிடுச்சு. எனக்குப் பாதி நாள் போயிடும்."

"தலைச்சூடு குறைஞ்சாதான் படிப்பு ஏறும். உக்காரு."

"ஆன்ட்டி எனக்காக மாங்கா சாதம் பண்றேன்னாங்க."

"இன்னிக்கு முடியாதுன்னு ஜன்னல்லேர்ந்து சொல்லிடு. எண்ணெய் தேய்ச்சவங்க வெயில்ல போகக் கூடாது."

"எதிர்வீடுதானேம்மா. ரோட்டைத் தாண்டறதுக்குள்ள வெயில் என்ன பண்ணிடும்?"

"பண்ணும்" என்றேன்.

என் கைப்பிடி இறுகியதில் அவளுக்குத் தலை வலித்திருக்க வேண்டும். ஆனால் தலையை இழுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்லப்போனால் அவள் தலையில் கைவைத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கீழே இறங்கும் அடர்த்தியான முடி. அதில் எண்ணெயைப் பரக்கப் பரக்கத் தேய்த்தேன்.

ஆசிரியர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிர்ந்து பேசாதவர். தோள் பையில் தெர்மாமீட்டர்கள், ஒரு கட்டு ஊதுபத்தி, அளவு டேப். வந்ததும் வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் விசிறியையும் அணைக்கச் சொன்னார். ஃப்ரிட்ஜையும்கூட. மீட்டருக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கும் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தார். எதுவும் ஓடாதபோது சக்கரம் சுற்றினால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தமாம். சுற்றவில்லை. எனக்கு அப்போதே பாதி ஜெயித்ததுபோல இருந்தது.

"எதிர்வீட்லயும் இப்படித்தான் நின்னுதா சார்?"

"அங்கயும் நின்னுது மேடம்."

பாதி ஜெயம் அப்படிப் போனது. அடுத்து ஃப்ரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, வெளியிலிருந்து இழுத்தார். காகிதம் சுலபமாக வந்துவிட்டது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் தளர்ந்துவிட்டதாகவும், குளிர்ச்சி அந்த வழியாக ஒழுகுவதாகவும் சொன்னார். எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில் காகிதம் வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

பிறகு எல்லா ஜன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார். கதவடி, ஜன்னல் இடுக்கு, வென்டிலேட்டர் என்று ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். ஹாலில் புகை நேராக நின்றது. பின்னறையில் மட்டும் வென்டிலேட்டரிலிருந்து உள்ளே தள்ளப்பட்டது. வெளியே எங்கள் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருந்தார்கள். அந்தக் கூரையின் அனல் வென்டிலேட்டர் வழியாக அறைக்குள் வருகிறது என்றார்.

"அப்ப இதை அடைச்சுட்டா ரூம் குளிர்ந்துடுமா சார்?"

"மத்தியான நேரத்துல மூடி வெச்சா கொஞ்சம் குறையும் மேடம். சாயங்காலம் திறந்துடணும். அது மட்டும் போதாது, மாடியையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்று தெர்மாமீட்டர்களோடு மாடிக்குப் போனார்.

'கொஞ்சம் குறையும்' என்பதற்கு மேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. உடனே நாற்காலியைப் போட்டு ஏறி, இரண்டையும் அடைத்துவிட்டு இறங்கினேன். அந்தப் பதினொன்று பத்து அப்போதுதான்.

அதற்குள் மகள் குளித்துவிட்டுப் புழக்கடை வழியாகத் தலையில் துண்டோடு வந்தாள். வீட்டில் வேற்று ஆண்பிள்ளை இருக்கிறார், பெண் ஈரத்தலையோடு நடமாட முடியுமா? பின்னறையில் பாய் போட்டு உட்காரவைத்தேன். வெந்நீர் பாய்லரில் கரித் தணல் கனன்றுகொண்டிருந்தது. இரும்புச் சட்டி நிறைய அள்ளி வந்தேன். அவ்வளவு முடி காய வேண்டுமே, நான் மாடிக்கும் கீழுக்கும் அலையும்போது நடுவில் அணைந்துவிடக் கூடாதே என்று வழக்கத்தைவிட அதிகமாகவே அள்ளினேன். சாம்பிராணியைத் தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்தேன். அவள் பாயில் படுத்துக் கூடையின் மேல் கூந்தலை விரித்துப் போட்டாள். கையில் பௌதிகப் புத்தகம்.

"ஃபேன் போடும்மா."

"சார் சொல்ற வரைக்கும் எதையும் போடக் கூடாது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஊதுபத்திக்காகச் சாத்திய ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. நான் வெளியே வந்து கதவையும் நன்றாக இழுத்துச் சாத்தினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. இன்றும் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எதுவும் தப்பாகத் தெரியவில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

மாடியில் அவர் தரையில் ஒரு தெர்மாமீட்டரையும், நீர்த் தொட்டியின் நிழலில் ஒன்றையும் வைத்துவிட்டு நின்றிருந்தார். ஒரு வாளி தண்ணீர் வேண்டும், தரையில் ஊற்றினால் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். போகிற போக்கில் பின்னறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். புகை அடங்கியிருந்தது. நல்ல சாம்பிராணி மணம்.

"தலை வலிக்குதும்மா" என்றாள். கண்ணை மூடியிருந்தாள். "தூக்கமா வருது."

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா அப்படித்தான் அசத்தும். தூங்கிடாதே, ஜலதோஷம் பிடிச்சுக்கும். முடி காயட்டும், எழுந்து உக்காந்து படி."

"ம்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வாளியோடு மேலே போனேன். எண்ணெய்க் குளியல் அன்று பகல் தூக்கம் கண்ணைச் சொக்கவைக்கும் என்று எல்லாரையும்போல எனக்கும் தெரியும். அந்தத் தெரிந்த விஷயம்தான் என்னைத் திருப்பி அனுப்பியது.

மாடியில் ஊற்றிய தண்ணீர் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. அவர் தலையை அசைத்துக்கொண்டார். தட்டோடு பதிக்கலாம், அதுவரை சுண்ணாம்பாவது அடிக்கலாம், மேற்கே ஒரு மரம் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். மரம் என்றதும் என் பார்வை எதிரே போனது. புங்கமரம் தளதளவென்று நின்றது. அதன் நிழலில் எதிர்வீட்டு வாசற்படி. அந்தப் படியில் நீல வார் வைத்த ஒரு ஜோடிச் செருப்பு.

என் மகளுடையது.

உடம்பெல்லாம் எரிந்தது. நான் மாடியில் இருக்கும் நேரம் பார்த்து, ஈரத்தலையோடு, வெயிலில் ஓடியிருக்கிறாள். ஒரே ஒரு நாள். என் வீட்டில் ஒரே ஒரு நாள் அவளால் இருக்க முடியவில்லை. தலைவலியாம், தூக்கமாம். மாங்காய் சாதம் கூப்பிட்டிருக்கிறது.

தடதடவென்று இறங்கினேன். ஹாலில் நின்று அவள் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. பின்னறைக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு நிச்சயம். வெறுங்காலோடு தெருவைத் தாண்டினேன். கால் சுட்டதுகூட உறைக்கவில்லை.

அந்த அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து மாங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாக்கா, உள்ள வா. ஆபீஸ் லீவா?" என்றார்.

"அவளை வரச் சொல்லுங்க."

"யாரக்கா?"

"யாரைன்னு உங்களுக்குத் தெரியாதா? எண்ணெய்த் தலையோட ஓடி வந்திருக்காளே, அவளைத்தான். பெத்தவ ஒருத்தி எதிர்ல உசுரோட இருக்கேன்னு கொஞ்சமாவது ஞாபகம் இருந்தா அனுப்பி வைங்க."

துருவிய கை நின்றது. "இன்னாக்கா பேசுற? அவ இன்னிக்கு வரவே இல்லியே. நானே வருவாளா வருவாளான்னு வாசலப் பாத்துக்கினு கீறேன்."

"செருப்பு வாசல்ல கிடக்கு. என் கண்ணால பாத்தேன்."

"அது நேத்தே வுட்டுட்டுப் போனது. வாரு அறுந்துபோச்சு. என் செருப்பத்தான் மாட்டிக்கினு வந்தா. நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. முதல் நாள் மாலை அவள் யாருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதும் நம்பாமல் ஹாலுக்குள் நுழைந்து, அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தை எட்டிப் பார்த்தேன். கோரைப்பாய் விரித்திருந்தது. தலையணை சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. ஆள் இல்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்து என் வேர்த்த முகத்தில் பட்டது. மாதக்கணக்காக நான் பொறாமைப்பட்ட அதே காற்று. அது முகத்தில் பட்ட அந்தக் கணத்தில்தான் என் வீட்டுப் பின்னறையில் காற்றே இல்லை என்பது உறைத்தது. ஜன்னல், கதவு, வென்டிலேட்டர், விசிறி. நடுவில் ஒரு சட்டி நிறையத் தணல். மூடிய இடத்தில் கரி எரிந்தால் காற்றில் கார்பன் மோனாக்ஸைடு சேரும், அது நிறமும் மணமும் இல்லாத விஷம் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"ஐயோ, ரூமுக்குள்ள" என்று கத்தினேன். என்னவென்று அந்த அம்மா கேட்கவில்லை. மாங்காய்த் துருவல் தரையில் சிதற எழுந்து என்னோடு ஓடி வந்தார்.

கதவைத் திறந்தோம். புகை இல்லை, தீ இல்லை. எல்லாம் நான் விட்டுவிட்டுப் போனபடியே இருந்தது. கூடை மேல் கூந்தல், மார்பில் கவிழ்ந்த புத்தகம். தூங்குகிறாள் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். முகம்கூட வெளுக்கவில்லை, வெயிலில் விளையாடிவிட்டு வந்ததுபோலச் சிவந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகத் துவண்டு விழுந்தது.

நான் நின்றேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், நின்றுவிட்டேன். அந்த அம்மாதான் அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். "அக்கா, காலப் புடி! காலப் புடின்னு சொல்றேன்ல!" என்று அவர் அதட்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இருவருமாகப் புழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் கல்லருகே நிழலில் கிடத்தினோம். சத்தம் கேட்டு ஆசிரியர் மாடியிலிருந்து ஓடி வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார், தணல் சட்டியைப் பார்த்தார், அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "மேடம், உள்ள ஆள் இருந்தாங்களா?" என்றவர் என் பதிலுக்கு நிற்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் பறந்தார்.

அந்த அம்மா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கன்னத்தில் தட்டினார். முந்தானையை நனைத்து முகத்தில் ஒற்றினார். "கண்ணு, என் ராஜாத்தி, கண்ணத் தொறடி. மாங்கா சாதம் பண்ணிட்டேன்டி, ஆறிப்போவுது பாரு" என்று அழுதுகொண்டே பேசினார். எனக்கு அழுகை வரவில்லை. திடீரென்று உள்ளே ஓடி, நாற்காலி மேல் ஏறி, வென்டிலேட்டரில் நான் திணித்த செய்தித்தாளைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். அவள்தான் அறைக்குள்ளேயே இல்லையே, இப்போது எதற்கு என்று தோன்றவில்லை. இரு கையிலும் காகிதச் சுருளோடு வெளியே வந்து அவள் காலருகே நின்றேன். மூச்சு இருக்கிறதா என்று அவள் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறுவது தெரியும், இறங்குவது தெரியாது. அடுத்தது ஏறுமா என்று காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் இருமினாள். அந்த அம்மாவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். கண் திறந்தது. என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, மேலே வெறும் வானத்தைப் பார்த்தாள். "ஆங், அப்படித்தான் கண்ணு, எல்லாத்தையும் எடு" என்று அந்த அம்மா வாந்தியைத் தன் புடவையிலேயே துடைத்தார்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆசிரியரின் பின்னால் உட்கார்ந்து டாக்டர் வந்து இறங்கினார். மெயின் ரோட்டில் அண்மையில்தான் கிளினிக் திறந்தவர், எங்கள் யாரையும் அறியாதவர். மண்ணில் மண்டியிட்டு நாடி பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், பெயர் கேட்டார். குழறிக் குழறி அவள் தன் பெயரைச் சொன்னாள். தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு நாள் ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்துவிடலாம், பயப்பட வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது என்று ஆசிரியரிடம் சொன்னார். பிறகு எழுந்தவர், காகிதச் சுருளோடு மரம்போல நின்றிருந்த என்னைத் தாண்டிப் போய், மடியில் அவள் தலையை ஏந்தி விம்மிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"அழாதீங்கம்மா. உங்க பொண்ணு உங்ககிட்டயே திரும்பி வந்துட்டா."

அந்த அம்மா திருத்தவில்லை. அழுதபடியே தலையை மட்டும் ஆட்டினார். நானும் திருத்தவில்லை. அதுவரைக்கும் என்னிடம் பயத்தைத் தவிர வேறு எதுவும் மிச்சம் இல்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பழைய பொறாமை நெஞ்சில் சுருக்கென்று தைத்தது, அது தைத்த பிறகுதான் என் மகள் பிழைத்துவிட்டாள் என்பதை நான் நம்பினேன். இன்று அவள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தோழியின் அம்மா தலை பின்னிவிட்டார், யாரோ ஒருவர் வீட்டில் ரசம் பிரமாதம் என்று அவள் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் எரியத்தான் செய்கிறது. எரியட்டும், அங்கே அவள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.